ரத்தம் நின்றுவிட்டால் நோய் நின்றதாகுமா?

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் நான்கிற்கு, சிறுநீரக அறுவைச் சிகிச்சை மருத்துவர் இந்த இதழில் விடையளிக்கிறார்.

கேள்வி: எனக்கு 57 வயது. முப்பது ஆண்டுகளாகப் பீடி குடிக்கிறேன். அதில் பன்னிரண்டு ஆண்டுகள் சாயப்பட்டறையில் வேலை செய்தேன். சென்ற தை மாதத்தில் இரண்டு நாள்கள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி, எரிச்சல் எதுவும் இல்லை. உடற்சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன், நின்றுவிட்டது. இப்போது மறுபடியும் ஒருநாள் போனது. இளநீரையே தொடரலாமா? (வாசகர், கரூர்)

பதில்: ஐயா, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வரைகூடக் காத்திருக்காமல் ஒரு சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்ப விரும்புகிறேன். வலியில்லை என்பதைத்தான் நீங்கள் ஆறுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் கவலை தருகிறது. கல் என்றால் பெரும்பாலும் விலாவிலிருந்து தொடை வரை வலி இழுக்கும், கிருமித்தொற்று என்றால் நீர்க்கடுப்பு இருக்கும். வலியே இல்லாமல் வரும் ரத்தம்தான் சிறுநீர்ப்பைப் புற்றின் முதல் அடையாளமாக இருப்பது வழக்கம். பையின் உட்சுவரில் பூக்கோசுபோல வளரும் கட்டியின் மேலுள்ள மெல்லிய நாளங்கள் உடைந்தால் ரத்தம் வரும், உறைந்தால் நின்றுவிடும். இளநீர் குடித்திருக்காவிட்டாலும் அது நின்றிருக்கும்.

புகையிலைக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன தொடர்பு என்று பலரும் கேட்கிறார்கள். புகையின் நச்சுப்பொருள்கள் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கின்றன. சிறுநீரகம் அவற்றை வடிகட்டிப் பைக்கு அனுப்புகிறது. அங்கே அவை மணிக்கணக்கில் சுவரைத் தொட்டுக்கொண்டு தங்குகின்றன. இந்நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் புகையிலையே காரணம். சாயத் தொழிலின் பங்கும் பழைய செய்திதான். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், செஞ்சாயம் செய்யும் தொழிலாளர்களிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் வருவதை 1895-லேயே எடுத்துச் சொன்னார். பின்னர் பென்சிடின், பீட்டா நாப்தைலமின் போன்ற வேதிப்பொருள்களின் பங்கு உறுதியானது. நீங்கள் என்னென்ன சாயங்களைக் கையாண்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள், சிறிய கட்டி ஸ்கேனுக்குத் தப்பிவிடும். சிறுநீர்த்துளை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கண்ணால் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பிதான் உறுதியான வழி. மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை இட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். இப்படி ரத்தம் போகிற எல்லோருக்கும் புற்று இருப்பதில்லை என்பதும் உண்மை, ஆனால் பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும். பெண்களுக்கும் ஒரு வார்த்தை: மாதவிடாய் நின்ற பின் உள்ளாடையில் கறை கண்டால் அது கருப்பையிலிருந்துதான் வருகிறது என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: என் அப்பாவுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டியைக் குழாய் வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். பயாப்சியில் 'டி1, ஹை கிரேடு' என்று வந்திருக்கிறது. இன்னொரு முறை சுரண்ட வேண்டும், பிறகு காசநோய்த் தடுப்பு மருந்தைப் பைக்குள் விட வேண்டும் என்கிறார்கள். அதனால் காசநோய் வந்துவிடாதா? (வாசகி, திருவாரூர்)

பதில்: அம்மா, உங்கள் அப்பாவின் கட்டி பைச் சுவரின் மேலடுக்கைத் தாண்டி அடுத்த அடுக்குக்குள் இறங்கியிருக்கிறது, ஆனால் தசையைத் தொடவில்லை என்பதே அந்த அறிக்கையின் பொருள். கண்டறியப்படும் நோயாளிகளில் நான்கில் மூன்று பங்கினர் தசையைத் தொடாத இந்த வகையினரே. ஆனால் ஹை கிரேடு என்பது வீரியம் மிக்கது, மீண்டும் முளைக்கும், ஆழமாகவும் இறங்கக்கூடும். முதல்முறை எடுத்த துணுக்குகளில் தசை இருந்ததா என்று அறிக்கையில் பார்க்கச் சொல்லுங்கள். தசையே எடுபடாதபோது, தசையில் நோயில்லை என்று யாரும் உறுதி கூற முடியாது. சில வாரங்களில் மறுபடி சுரண்டுவது இதற்காகத்தான். முதல் மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

இனி மருந்தைப் பற்றி. அது பி.சி.ஜி. நம் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இடது தோளில் போட்டுத் தழும்பு விழுமே, அதே வலுவிழந்த உயிருள்ள நுண்ணுயிர்தான். அந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கச் சென்னை கிண்டியில் 1948-லேயே ஓர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. பைக்குள் அதை விட்டால் மீண்டும் மீண்டும் வரும் கட்டி அடங்குகிறது என்பதைக் கனடாவின் அல்வாரோ மொராலஸ் 1976-இல் ஒன்பது நோயாளிகளைக் கொண்டு முதன்முதலில் வெளியிட்டார். மருந்து நேராகப் புற்றணுவைக் கொல்வதைவிட, பைச் சுவருக்கு உடலின் காவல் அணுக்களைத் திரட்டிக்கொண்டு வருவதே முக்கியம்.

வாரம் ஒன்றாக ஆறு முறை விடுவார்கள். போவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். மெல்லிய குழாய் வழியாக மருந்து உள்ளே போனதும், இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் அடுத்த ஆறு மணி நேரம் சிறுநீரை உட்கார்ந்தே கழிக்கட்டும். ஒவ்வொரு முறையும் கழிவறைக் கோப்பையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றிக் கால்மணி நேரம் விட்டு நீர் பாய்ச்சுங்கள். அன்று மாலை எரிச்சல், அடிக்கடி முட்டல், லேசான காய்ச்சல், உடல்வலி வருவது சாதாரணம், ஓரிரு நாளில் அடங்கும். அடங்காத கடும் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தால் அதே நாளில் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் அஞ்சுகிறபடி நுண்ணுயிர் உடலில் பரவுவது அரிதாக நேரக்கூடும், அதற்கு மருந்தும் உண்டு. முந்தைய தவணைக்குப் பின் ரத்தம் போய்க்கொண்டிருந்தாலோ, குழாய் செருகும்போது காயம் பட்டாலோ அன்று மருந்தை விடக் கூடாது. இதை நீங்களே நினைவூட்டுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் பலர் வராமல் நின்றுவிடுகிறார்கள். ரத்தம் இல்லை, எரிச்சல் இல்லை, இனி ஏன் திருவாரூரிலிருந்து பேருந்து ஏற வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் புரிகிறது. உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்குப் பராமரிப்புத் தவணைகள் மூன்று ஆண்டுகள் வரை தேவைப்படலாம். முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கொரு முறை சிஸ்டோஸ்கோப்பியும் செய்தாக வேண்டும். அந்தத் தேதிகளை நாள்காட்டியில் குறித்துச் சுவரில் மாட்டிவையுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63. கட்டி தசைக்குள் போய்விட்டதால் பையையே எடுக்க வேண்டும் என்கிறார்கள். வயிற்றில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, நாற்றத்தோடு நாலுபேர் நடுவே போய் நிற்பதைவிடச் சாவது மேல் என்று தோன்றுகிறது. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஐயா, உங்கள் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். அதை உங்கள் மருத்துவரிடமும் வீட்டிலும் அப்படியே சொல்லுங்கள். அந்த எண்ணம் உங்களை விடாமல் துரத்தினால் மனநல மருத்துவரையும் இப்போதே பாருங்கள்; அதுவும் இந்தச் சிகிச்சையின் பகுதியே.

கேட்க வேண்டியவை சில உண்டு. உங்கள் சிறுநீரகம் தாங்குமானால், அறுவைக்கு முன்பே சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோ தருவது ஆயுளைக் கூட்டும். அது ஏன் தரப்படுகிறது, அல்லது ஏன் தரப்படவில்லை என்று கேளுங்கள். தேர்ந்தெடுத்த சிலருக்குக் கட்டியை முழுவதும் சுரண்டியபின் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்துப் பையைக் காப்பாற்ற முடியும். நீங்கள் அதற்குப் பொருத்தமானவர்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எடுத்தே தீர வேண்டுமென்றால் முக்கிய வழிகள் இரண்டு. முதல் வழியில், சிறுகுடலில் சாண் அளவு துண்டை வாய்க்காலாக்கி வயிற்றின் வலப்பக்கம் திறந்து விடுவார்கள். அந்தத் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர்; அதன்மேல் ஒட்டும் பையில் சிறுநீர் சேரும். மற்றதில், அரை மீட்டருக்கும் மேலான குடலைப் பைபோலத் தைத்துப் பழைய வழியிலேயே இணைப்பார்கள். இரண்டாவதைக் கேட்டதும் எல்லோரும் அதையே விரும்புகிறார்கள். ஆனால் புதுப் பைக்கு நிறைந்தது தெரியாது. மூன்று நான்கு மணிக்கொரு முறை, இரவிலும் அலாரம் வைத்து எழுந்து, வயிற்றை முக்கிக் கழிக்க வேண்டும். மாதக்கணக்கில் படுக்கை நனையலாம், சிலருக்குக் குழாய் விட்டுக்கொள்ளும் நிலையும் வரும். எழுபதை நெருங்குகிற, தனியே இருக்கிற பலருக்கு ஸ்டோமாவே நிம்மதி என்பது என் அனுபவம்.

அறுவைக்கு முந்தைய நாள் நடக்கும் ஒரு சிறு வேலையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வழக்கம்போல வேட்டி கட்டிக்கொண்டு வரச் சொல்வோம். நிற்கவும், உட்காரவும், செருப்பு மாட்டுவதுபோலக் குனியவும் வைத்து, வயிற்றுத் தோல் எங்கே மடிகிறது, முடிச்சு எங்கே அழுத்துகிறது என்று பார்த்து, மடிப்பில்லாத ஓரிடத்தில் செவிலியர் மையால் புள்ளி வைப்பார். பெண்களுக்குப் பாவாடை நாடா போகும் கோட்டைப் பார்ப்போம். அந்தப் புள்ளி சரியாக விழுந்துவிட்டால் பின்னாளில் ஒழுகும் தொல்லை பெரும்பாலும் இல்லை. உங்களுக்கு யாரும் அதைச் செய்யவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டோமா உதட்டின் உட்புறம்போலச் சிவந்து ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது துளி ரத்தம் கசிவது இயல்பு. பை பாதிக்கு வருமுன் அடிக்குழாயைத் திறந்து கழித்துவிட வேண்டும், நிறையவிட்டால் கனத்தில் ஒட்டு பெயரும். மூன்று நான்கு நாளுக்கொரு முறை மாற்றுவதற்கு அதிகாலையே நல்ல நேரம், நீர் குறைவாக ஊறும். ஒட்டும் தட்டின் ஓட்டை ஸ்டோமாவைவிட ஒரு நூல் மட்டுமே பெரிதாக இருக்கட்டும். தோலை வெறும் தண்ணீரில் கழுவி நன்கு உலர்த்துங்கள், எண்ணெயோ பவுடரோ பூசினால் பை ஒட்டாது. வெள்ளை இழைகள் மிதப்பதைக் கண்டு சீழ் என்று பயப்படாதீர்கள், அது குடலின் சளி. சரியாக ஒட்டிய பையிலிருந்து நாற்றம் வெளியே வராது. உங்களைப்போல் ஒருவர் பையுடன் ஆறாண்டுகளாகப் பேருந்தில் வந்துபோகிறார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இதுவரை எதுவும் கேட்டதில்லை என்று அவரே சொன்னார்.

ஆண்களுக்கு விறைப்புத் தன்மை குறைவதும், பெண்களுக்கு உறவில் சிரமம் வருவதும் பலருக்கு நேர்வதால், அதை அறுவைக்கு முன்பே இருவரும் சேர்ந்து கேளுங்கள். நரம்பைக் காக்க முடியுமா என்று அப்போதுதான் திட்டமிட முடியும். செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: பி.சி.ஜி. முடிந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன, ரத்தம் ஒருமுறைகூட வரவில்லை. இன்னும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா? பீடியை இனி விட்டுத்தான் என்ன? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: வேண்டும் ஐயா. உங்களுடையது ஹை கிரேடு என்றால் இனி ஆண்டுக்கு ஒருமுறை, உடல் இடங்கொடுக்கும் வரை. ரத்தம் வரும்வரை காத்திருக்கலாம் என்றால், கட்டி வளரும்வரை காத்திருப்பதாக ஆகும். பீடியை இப்போது விட்டாலும் பலன் உண்டு, ஏனென்றால் மீந்திருக்கும் பைச் சுவர் முழுவதும் அதே நீரில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. அடுத்த பரிசோதனைக்குப் போகும் நாளையே பீடி இல்லாத முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்; சிரமமிருந்தால் அங்கேயே சொல்லுங்கள், நிக்கோட்டின் சூயிங்கமும் மாத்திரையும் எழுதித் தருவார்கள்.