கண்ணாடி கழுவும் ஹோஸ் யார் காலையும் வாரக்கூடாது: கேள்வி பதில்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மலேசியாவின் சுங்கை சிப்புட் கடை வரிசைகளில் மாடிக் கண்ணாடி கழுவும் வேலை மும்முரமாகும். தோட்டத்து ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு டவுனுக்கு வருவதும் அதே வாரங்களில்தான். அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) கிடக்கும் தண்ணீர் ஹோஸ் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஜவுளிக் கடைக்காரர்): அரை இஞ்சி (அங்குல) ஹோஸ் தரையோடு தரையாகத்தானே கிடக்கிறது? அதில் எப்படி ஆள் தடுக்கி விழுவார்?

பதில்: சாதாரணமாக நடக்கும்போது முன்னால் வீசும் காலின் நுனி, தரையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடந்து போகும். சிலிப்பரை இழுத்து நடப்பவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் அதுவும் இருக்காது. அரை இஞ்சி ஹோஸின் வெளிப்புறத் தடிமன் 16, 17 மில்லிமீட்டர் வரும். கால் நுனி இடிக்க அது போதும்.

அதைவிட மோசம், தரையை விட்டு எழும்பி நிற்கும் ஹோஸ். அது எழும்புவதற்கு மூன்று காரணங்கள். ரீலில் மாதக்கணக்கில் சுற்றிக் கிடந்தது விரித்தாலும் சுருள் சுருளாகவே நிற்கும். இரண்டாவது, நம் அஞ்சடியில் கடைக்குக் கடை தரைமட்டம் மாறுகிறது. ஒரு கடையின் முன்னால் ஒரு படி ஏற்றம், அடுத்த கடையில் இறக்கம். அந்தப் படி விளிம்பில் ஹோஸ் தரையைத் தொடாமல் கணுக்கால் உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். மூன்றாவதுதான் ஆளை அப்படியே தூக்கிப் போடுவது: வேலை செய்பவர் முன்னால் நகர்ந்து இழுக்கும்போது, தூணைச் சுற்றி வளைந்து கிடந்த ஹோஸ் சட்டென்று விறைத்து, மூலையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு மேலே வரும். அந்த நேரத்தில் வளைவுக்குள் ஒருவர் நின்றிருந்தால் அவருடைய இரண்டு காலும் ஒன்றாக மாட்டும்.

அதனால் இந்தத் தொழிலுக்கு வரும் எந்தப் பையனுக்கும் நான் முதலில் சொல்வது: இழுக்கும் முன் திரும்பிப் பார். ஹோஸ் முழுநீளமும் கண்ணில் படவில்லை என்றால், நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து இழு.

கேள்வி (புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பி): எந்த அளவு ஹோஸ் வாங்கலாம்? கடையில் பச்சை நிறத் தோட்ட ஹோஸ்தான் மலிவு.

பதில்: தலையில் பிரஷ் உள்ள நீளக் கோலுக்குத் தண்ணீர் ஏற்றத்தானே கேட்கிறீர்கள், தம்பி? அதற்கு நிமிடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். உள்விட்டம் 8 மில்லிமீட்டர் உள்ள, நூல் பின்னல் வைத்த ஹோஸ் வாங்குங்கள். வெளித்தடிமன் ஏறத்தாழ 12 மில்லிமீட்டரில் நின்றுவிடும். 30 மீட்டருக்கு அழுத்த இழப்பு ஒரு பாரில் (பார் என்பது அழுத்த அலகு) மூன்றில் ஒரு பங்குதான். 6 மில்லிமீட்டர் இன்னும் மெல்லியது. ஆனால் அதே 30 மீட்டரில் ஒரு பாருக்கு மேல் இழக்கும், பேட்டரி பம்ப் இருந்தால்தான் சரிப்படும்.

அரை இஞ்சி ஹோஸ் 30 மீட்டரில் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் கிலோ தண்ணீர் நிற்கும். 8 மில்லிமீட்டரில் ஒன்றரைக் கிலோ. இழுக்கிற பாரம் குறைந்தால் வெடுக்கென்று பிடுங்கி இழுக்கும் பழக்கமும் குறையும்.

பின்னல் இல்லாத மலிவு ஹோஸ் நம் வெயிலில் இளகி, மடிந்து, தண்ணீரை அடைக்கும். அடைப்பை எடுக்க ஆள் ஹோஸை உதறுவார். உதறும்போது அது அஞ்சடி முழுக்கத் துள்ளும். நிறமும் முக்கியம். பச்சையும் கறுப்பும் தார் ரோட்டிலும் பாசி பிடித்த சிமெண்டிலும் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் வாங்குங்கள். வெளிர் மொசைக் தரைக்கு மட்டும் நீலமோ சிவப்போ எடுப்பாகத் தெரியும். புது ஹோஸை வேலைக்கு எடுக்கும் முன் வெயிலில் நேராக விரித்துப் போடுங்கள், சுருள் படியும்.

கேள்வி (மளிகைக் கடை அக்கா): தண்ணீர்க் குழாய் கடையின் பின்பக்கச் சமையலறையில் இருக்கிறது. ஹோஸைக் கடைக்குள்ளேயே கொண்டுவருகிறார்கள். வாசலில் எச்சரிக்கைக் கோன் வைத்தால் போதுமா?

பதில்: போதாது, அக்கா. கோன் பார்வையைத்தான் இழுக்கும், காலைத் தடுக்காது. இரண்டு கையிலும் அரிசிப் பையோடு வெளியே வருபவருக்குத் தன் கால் பக்கம் எதுவுமே தெரியாது. ஹோஸ் ஆள் நடக்கும் இடத்தைக் கடக்காமல் இருக்க வழி பாருங்கள். அது முடியாத இடத்தில்தான் கோன், பலகை எல்லாம்.

உங்கள் கடைக்கு வழி சுலபம். சமையலறைக் குழாயில் 25 லிட்டர் டிரம்மை நிரப்பி, 12 வோல்ட் பம்பும் பேட்டரியும் உள்ள தள்ளுவண்டியில் வைத்து முன்பக்கம் தள்ளி வரச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்றால் பதினாறு நிமிடம் ஓடும். வண்டியை லோங்காங்குக்கு (கடை முன்னால் ஓடும் சாக்கடைக்கு) அந்தப் பக்கம், கடைக்கு நேர் எதிரே உள்ள கார் நிறுத்தும் கட்டத்தில் நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டிவிட வேண்டும். மாடிக் கண்ணாடியை எப்படியும் ரோட்டுப் பக்கம் நின்றுதானே கழுவ வேண்டும்? ஹோஸ் வண்டிக்கும் கோலுக்கும் நடுவே நாலைந்து மீட்டரோடு முடிந்துவிடும், அஞ்சடிக்கே வராது. கீழ்த்தளக் கண்ணாடிக்கு ஹோஸே தேவையில்லை. ஒரு வாளித் தண்ணீர், துணி உறை, ரப்பர் வைப்பர் போதும்.

கேள்வி (பக்கத்துக் கடைக்காரர்): வரிசையில் எட்டுக் கடை. எட்டுக்கும் டிரம் நிரப்பி மாளாது. நீள ஹோஸ்தான் வேண்டும். எந்தப் பக்கமாகப் போடுவது?

பதில்: உள்சுவரை ஒட்டிப் போட்டால் எட்டு வாசலையும் கடக்கும். அஞ்சடி நடுவில் போடுவது பேச்சுக்கே இடமில்லை. தூண்களுக்கு வெளிப்பக்கம், லோங்காங் ஓரமாகப் போடுங்கள். அங்கே ஆட்கள் ரோட்டிலிருந்து ஏறி வரும் பலகைப் பாலங்களில் மட்டும்தான் குறுக்கே வரும். லோங்காங் காய்ந்திருந்து, மேலே சிலாப் (சிமெண்டு மூடி) போட்டிருந்தால் இன்னும் நல்லது: ஹோஸை லோங்காங்குக்குள்ளேயே நீளவாக்கில் விட்டு, சிலாப்புக்கு அடியில் கடத்துங்கள். கால்மட்டத்துக்குக் கீழே போய்விட்ட ஹோஸில் யாரும் தடுக்கி விழ முடியாது.

கேள்வி (ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர்): லோங்காங்கில் ஹோஸா? எலி மூத்திரம் ஓடும் இடம் அது. அதை இழுத்து அஞ்சடியில் போட்டு, கையாலும் தொட்டு, பிறகு அதே கையால் நாசி லெமாக் சாப்பிடுவார்கள். ஒருவர் விழாமல் இருக்க இன்னொருவருக்குக் காய்ச்சல் வாங்கித் தருவீர்களா?

பதில்: ஐயா சொல்வது நியாயமான பயம். எலிக்காய்ச்சல் கிருமி ஈரத்திலும் சேற்றிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், கையில் கீறல் இருந்தால் உள்ளே போகும். அதனால்தான் காய்ந்த லோங்காங் என்றேன். தண்ணீர் தேங்கி, கறுப்பு மண்டி படிந்திருந்தால் அந்த வழி கிடையாது. காய்ந்ததிலும் ரப்பர் கையுறை கட்டாயம். ஹோஸை ரீலில் சுற்றும்போது, ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (பிளீச்) பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நனைத்த துணியை இடது கையில் பிடித்து, அதன் வழியாகவே ஹோஸை இழுத்துச் சுற்ற வேண்டும். பிறகு நல்ல தண்ணீர்த் துணி ஒருமுறை. அஞ்சடியில் அழுக்கு சொட்டாது.

கேள்வி (பிளம்பர்): அண்ணே, முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். கப்ளிங் (இரண்டு ஹோஸைச் சேர்க்கும் இணைப்பு) லோங்காங்கில் கிடந்து, மெயின் குழாயில் அழுத்தம் இறங்கினால் அழுக்குத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அது கடைக்காரரின் குடிநீர்க் குழாய்க்கே போகும்.

பதில்: முழுக்கச் சரி, தம்பி. இணைப்பு இல்லாத ஒரே நீள ஹோஸாக இருக்க வேண்டும், குழாய் வாயில் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு மாட்ட வேண்டும். இரண்டும் இல்லாமல் லோங்காங்கில் இறங்காதீர்கள். கப்ளிங் அஞ்சடியிலும் கூடாது. ஹோஸைவிட இரண்டு மடங்கு புடைத்து நிற்கும், சிலிப்பர் நுனி அங்கேதான் சிக்கும்.

கேள்வி (அதே சுகாதாரப் பணியாளர்): பிற்பகல் மழை பெய்தால்? மலையடிவார ஊர் இது. பத்து நிமிடத்தில் லோங்காங் நிறைந்துவிடும். ஹோஸ் அடித்துக்கொண்டு போய் சிலாப்பில் மாட்டினால், கோல் பிடித்திருப்பவரையே இழுக்குமே?

பதில்: இந்த வேலையைக் காலையில் முடிக்க வேண்டும், ஐயா. மலைப் பக்கம் இருட்டினால் முதலில் ஹோஸை எடுங்கள், கண்ணாடி பாதியில் நின்றாலும் பரவாயில்லை. இந்த நிபந்தனையோடு லோங்காங் வழியைத்தான் நான் இன்னமும் முதலாவதாகச் சொல்வேன். அஞ்சடியில் விழுகிற கிழவிக்கு உடைவது பெரும்பாலும் இடுப்பெலும்போ மணிக்கட்டோதான். அறுபதுக்கு மேல் இடுப்பு உடைந்தால் பலர் பழையபடி எழுந்து நடப்பதில்லை. கையுறையும் குளோராக்ஸும் சமாளிக்கும் ஆபத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (சாப்பாட்டுக் கடை முதலாளி): மேலே தொங்கவிட்டால் என்ன? சைன்போர்டு கம்பியில் மாட்டினால் காலில் படாதே.

பதில்: சைன்போர்டுக்குள் மின்சாரம் ஓடுகிறது, அங்கே தண்ணீர் ஹோஸ் வேண்டாம். தூண்களில் நிரந்தரக் கொக்கி அடித்து, நடுவில் தொய்ந்தாலும் தரையிலிருந்து 2.2 மீட்டருக்குக் குறையாமல் நின்றால் செய்யலாம்.

கேள்வி (கோப்பிக் கடைக்காரர்): ஹோஸ் மேல் கோணிச் சாக்கு போட்டு மூடினால் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள் அல்லவா?

பதில்: வேண்டாம். மூடினால் ஹோஸ் மறைகிறது, மேடு மறைவதில்லை. மிதிக்கும் கால் உருண்டைமேல் வழுக்கும், சாக்கும் நகரும், ஈரச் சாக்கு மொசைக்கில் இன்னும் வேகமாக நகரும். தவிர்க்கவே முடியாத ஒரு இடத்தில் கடக்க வேண்டுமானால், ஹோஸ் உள்ளே அடங்கும் பள்ளம் உள்ள ரப்பர் ரேம்ப் (சரிவு மேடை) வாங்குங்கள். நடைவழிக்குச் செங்குத்தாகக் கடத்துங்கள். சாய்வாகக் கடத்தினால் தாண்ட வேண்டிய நீளம் கூடுகிறது. சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவு வேண்டும்: 2 சென்டிமீட்டர் உயர ரேம்புக்கு இருபுறமும் 24 சென்டிமீட்டர். கடையில் விற்கும் பல ரேம்புகள் இதைவிடச் செங்குத்து. அப்போது பக்கத்தில் ஒரு ஆள் நின்று நாற்காலியைக் கடத்திவிட வேண்டும்.

கேள்வி (இன்னொரு கடைக்காரர்): சாக்குக்குப் பதில் கால்மிதி போட்டால்?

பதில்: மேலே பாருங்கள். எதைப் போட்டும் மூடாதீர்கள்.

கேள்வி: அட்டைப்பெட்டி?

பதில்: அட்டையும் கூடாது. ஈரத்தில் ஒட்டும் டேப்பும் நிற்காது, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (துப்புரவு மேற்பார்வையாளர்): கோன் எங்கே வைப்பது? நாங்கள் ஹோஸ் பக்கத்திலேயே வைக்கிறோம்.

பதில்: ஹோஸைக் கண்ட பிறகு கோனைக் கண்டு பயனில்லை. ஆள் வரும் இரண்டு திசையிலும், மூன்று நான்கு மீட்டர் முன்னாலேயே வையுங்கள். உயரமான கோனாக எடுங்கள், குட்டைக் கோன் தானே இன்னொரு தடை. நடுவில் தொய்யும் சங்கிலி கட்டாதீர்கள், கைத்தடியோடு வரும் பார்வையற்றவரின் தடி அதற்கு அடியில் போய்விடும். தமிழ்ப்பள்ளி விடும் நேரம், சம்பள நாள், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடை போடும் மாலை ஆகியவற்றில் அஞ்சடிப் பக்கம் வேலையே வைக்காதீர்கள். சாப்பிடப் போனால் குழாயை மூடி, கோல் முனையைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டுப் போங்கள். அழுத்தம் உள்ள ஹோஸ் விறைத்து வில்லாக எழும்பியே கிடக்கும்.

கேள்வி (கடை உரிமையாளர்): யாராவது விழுந்தால் பொறுப்பு துப்புரவு ஆளுக்கா, எனக்கா?

பதில்: வேலை எடுத்தவர் தன் தொழிலாளி அல்லாத மற்றவர்களின் பாதுகாப்புக்கும் பொறுப்பு என்கிறது 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. சொந்தமாகத் தொழில் செய்யும் தனி ஆளும் அதில் அடக்கம். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி அபராதத்தின் உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 500,000 வெள்ளிக்கு ஏறியிருக்கிறது. பொது வழியை அடைப்பது 1974 சாலை, வடிகால், கட்டட சட்டத்தின் 46ஆம் பிரிவில் தனிக் குற்றம். உங்கள் பங்கு எவ்வளவு என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். அனுமதி பற்றிக் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள்.

கேள்வி: கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி போக என்ன சோப்பு?

பதில்: இங்கே அது வேண்டாம். கண்ணாடிக் கடையில் கேளுங்கள்.

கேள்வி (மோட்டார் சைக்கிள் ஓட்டும் தம்பி): ஹோஸ் மேல் ஏற்றிப் போகலாமா?

பதில்: இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஈர ஹோஸ்மேல் முன்சக்கரம் சாய்வாக ஏறினால் வழுக்கும். ஸ்டாண்டிலோ செயினிலோ ஹோஸ் மாட்டினால், மறுமுனையில் ஏழெட்டு மீட்டர்க் கோலை நிமிர்த்திப் பிடித்திருப்பவர் கையிலிருந்து அது சாயும், அஞ்சடியில் நிற்பவர் தலைமேல்.

கேள்வி (வேறொரு கடைக்காரர்): எங்கள் கடையில் ஐந்து நிமிட வேலைதான். கோன் மட்டும் வைத்தால்...

பதில்: ஐந்து நிமிட வேலைக்கு வாளி எடுங்கள்.