வீதம் காட்டினால் மட்டும் நம்பிக்கை வராது
வணக்கம். இலைப் படத்திலிருந்து நெல் நோயைக் கணிக்கும் உங்கள் செயலி ‘எரிபந்தம், 94 வீதம்’ என்று காட்டியும் இரணைமடுக் கமக்காரர் மருந்தடிக்க மறுப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் மறுப்பது நியாயமே என்பது என் கருத்து. வீதம் காரணமாகாது.

கணினி மாதிரி (படங்களில் பயின்று கணிக்கும் நிரல்) எதைப் பார்த்து முடிவெடுத்தது என்று விளக்கும் லைம் முறையை 2016இல் வெளியிட்ட ஆய்வாளர்கள், ஓநாயையும் ஹஸ்கி நாயையும் பிரிக்கும் மாதிரியொன்று விலங்கைப் பாராமல் பின்னணியிலிருந்த பனியைப் பார்த்தே முடிவெடுத்ததை விளக்கப்படத்தால் காட்டினார்கள் (அதை வேண்டுமென்றே அப்படிப் பயிற்றியிருந்தார்கள் என்பது வேறு விடயம்). உங்கள் மாதிரியும் வயல் வரம்பையோ, இலையைப் பிடித்த விரலையோ பார்த்திருக்கலாம். ஆகவே கிராட்-காம் போன்ற முறையால் அது கவனித்த இடத்தைப் படத்தின் மீதே நிறமிட்டு, எரிபந்தத்தின் அடையாளமான, நடுவில் சாம்பல் நிறங்கொண்ட கண் வடிவப் புள்ளியில்தான் அந்த நிறம் விழுகிறதா என்பதை விவசாயப் போதனாசிரியர் ஒருவருடன் முதலில் சரிபாருங்கள். நிறம் சரியாக விழுந்தாலும் முடிவு பிழைக்கலாம். கபிலப் புள்ளி நோயுடன் குழம்பும் படங்களுக்கு ‘உறுதியில்லை’ என்று சொல்லவும் செயலிக்கு இடம் கொடுங்கள்.