சட்டக் கேள்வி பதில்: ஜீப்ரா கிராஸிங்கில் அடிபட்டவருக்கு என்ன உரிமை?

கேள்வி: தையல் தொழில் செய்துவரும் என் தாயார் (வயது 54) சிக்னல் இல்லாத ஒரு ஜீப்ரா கிராஸிங்கில் சாலையைக் கடந்தபோது இருசக்கர வாகனம் மோதியது. வலது முழங்காலில் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வாகனத்தை ஓட்டியவரின் குடும்பத்தார், மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்வதாகவும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்க வேண்டாம், உடனே புகார் கொடுங்கள். அவர்கள் நல்ல எண்ணத்துடன் கேட்டிருக்கலாம். ஆனால் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் இருந்தால், இழப்பீட்டைத் தர வேண்டியது காப்பீட்டு நிறுவனமே. முதல் தகவல் அறிக்கை இல்லாமல் போனால் அந்த நிறுவனத்தை நெருங்குவதே உங்களுக்குக் கடினமாகிவிடும். சில நாள்கள் கடந்துவிட்டனவே என்று தயங்கவும் வேண்டாம். புகார் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் கூறியிருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாள்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் காவல்துறை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும்.

சிக்னல் இல்லாத கடக்குமிடத்தில் வாகனத்தின் வேகத்தைக் குறைத்து, தேவையானால் நிறுத்தி, நடந்து செல்பவருக்கு வழிவிடுவது ஓட்டுநரின் சட்டபூர்வமான கடமை. இதை 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. எனவே கோடுகளின் மேல் நடந்துகொண்டிருந்தபோதுதான் உங்கள் தாயார் அடிபட்டார் என்பது வழக்குக்கு மிகுந்த வலுச் சேர்க்கும். புகாரில் இதை விடாமல் எழுதுங்கள். மோதிய இடத்தையும் கோடுகளையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

இனிமேல்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. பிரிவு 164-இன்படி, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் பெறலாம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயமே. பிரிவு 166-இன்படி, ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்டி, ஏற்பட்ட இழப்பு முழுவதையும் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். 164-இன் தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஏற்றுக்கொண்டுவிட்டால் 166-இன் மனு காலாவதியாகிவிடும் என்பதைப் பலரும் அறிவதில்லை. மருத்துவமனைக் கட்டணம் நெருக்கும் நேரத்தில் நீட்டப்படும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓராண்டு கழித்தும் கால் மடங்கவில்லையே என்று வருந்துபவர்களுக்காக என் மனம் மிகவும் வேதனைப்படுகிறது.

உங்கள் தாயாருக்கு இரண்டாவது வழியே உகந்தது என்று கருதுகிறேன். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம், மருத்துவர் தரும் ஊன விழுக்காடும் வருமான இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்றும், காயம்பட்டவரின் தொழிலை அந்த ஊனம் எவ்வளவு பாதிக்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்றும் விளக்கியது. அலுவலகத்தில் அமர்ந்து எழுதுபவருக்கு முழங்கால் விறைப்பு ஓரளவு தொல்லைதான். காலால் தையல் இயந்திரத்தை மிதித்துப் பிழைப்பவருக்கோ அது வாழ்வாதாரத்தையே தொடுகிறது. ஒரு கணக்குக்காக, மாத வருமானம் 12,000 ரூபாய், தொழில் பாதிப்பு 30 விழுக்காடு என்று தீர்ப்பாயம் முடிவுசெய்வதாகக் கொள்வோம். 51 முதல் 55 வயது வரையானவர்களுக்குரிய பெருக்கெண் (ஓராண்டு வருமான இழப்பைப் பெருக்க வேண்டிய எண்) 11. அப்படியானால் எதிர்கால வருமான இழப்பு மட்டுமே 4,75,200 ரூபாய் ஆகிறது. மருத்துவச் செலவு, போக்குவரத்து, உடனிருந்து கவனித்தவருக்கான செலவு, படுக்கையில் இருந்த மாதங்களின் வருமானம், வலியும் வேதனையும் ஆகியவை இதற்கு மேல் தனித்தனியாகச் சேரும். வருமானத்துக்கு ரசீது இல்லை என்பதால் கோரிக்கை தள்ளுபடி ஆகாது என்றாலும், வாடிக்கையாளர்களின் சாட்சியமும் வங்கிக் கணக்கு விவரமும் பெரிதும் உதவும்.

மனுவை நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். சட்டம் இதற்கு ஆறு மாதக் காலவரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பானது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் வழக்கறிஞர் கட்டணத்தைப் பற்றிய கவலையும் இராது.

கேள்வி: நான் கைப்பேசியில் பேசிக்கொண்டே கடந்ததால் விபத்தில் எனக்கும் பங்குண்டு, ஆகவே இழப்பீடே கிடையாது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுகிறார். இது சரியா?

பதில்: முற்றிலும் சரியல்ல. உங்கள் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். நிரூபணமானாலும், தீர்ப்பாயம் உங்கள் பங்கை விழுக்காடாக நிர்ணயித்து அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்குமே ஒழிய, கோரிக்கையை முழுவதுமாகத் தள்ளிவிடாது. பாதசாரிகளுக்கான சிவப்பு விளக்கு எரியும்போது கடந்திருந்தால் குறைப்பு கணிசமாக இருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அருகிலுள்ள கட்டடங்களின் சிசிடிவி பதிவுகள் விரைவில் அழிந்துவிடுவதால், அவற்றைக் கைப்பற்றுமாறு விசாரணை அதிகாரிக்கு எழுத்து மூலம் கோரிக்கை வையுங்கள்.

கேள்வி: மோதிய வாகனம் நிற்காமல் போய்விட்டது, எண் தெரியவில்லை. ஏதேனும் வழி உண்டா?

பதில்: உண்டு. பிரிவு 161-இன்கீழ் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். காவல்துறை அறிக்கையையும் மருத்துவ ஆவணங்களையும் இணைத்து, விபத்து நடந்த பகுதியின் கோரிக்கை விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். முறிந்த காலுக்கு 50,000 ரூபாய் போதவே போதாது. இத்தொகையை நாடாளுமன்றம் உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிகிச்சையைப் பொறுத்தவரை, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, அதில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து ஏழு நாள்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லாமல் சிகிச்சை பெறலாம். பின்னர் வாகனம் அடையாளம் காணப்பட்டால் முழு இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயத்தை நாடலாம். முன்பு பெற்ற 50,000 ரூபாய் அதில் கழித்துக்கொள்ளப்படும்.