பின்னால் கட்டிய கைகள்

கேள்வி: எனக்கு 64 வயது. 32 ஆண்டுகளாகப் பழைய பீங்கான் பாத்திரங்களைச் சேகரிக்கிறேன். இங்கிலாந்தில் குழந்தைகளுக்கென்று செய்த தட்டு, கோப்பைகளும் வெள்ளிச் சொப்புகளும்தான் அதிகம். என் மகனுக்கும் மகளுக்கும் இவற்றில் துளியும் ஆர்வமில்லை. எனக்குப் பின் விற்றுவிடுவார்கள். ஆறு வயதுப் பேத்தி மட்டும், நான் சொல்லிக்கொடுத்தபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அலமாரி முன் சமர்த்தாக நின்று பார்ப்பாள். சேகரிப்பு சிதறாமல் இருக்க உயிலை எப்படி எழுதுவது?

பதில்: உயில் இருக்கட்டும் அம்மா. கைகளைப் பின்னால் கட்டச் சொன்னீர்களே, அதைப் பேசுவோம். குழந்தைக்காகவே செய்த தட்டின் முன்னால் ஒரு குழந்தை கையைக் கட்டி நிற்கிறது. அதற்குச் சமர்த்து என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

32 ஆண்டுகள் என்றால் உங்கள் பிள்ளைகளும் அதே அலமாரி முன் அப்படித்தானே நின்றிருப்பார்கள்? கிட்டே போகாதே, தொடாதே என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு ஆர்வமில்லை என்று இன்று குறை சொல்கிறீர்கள். அந்த ஆர்வத்தைப் பூட்டி வைத்தது நீங்கள்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்கள் தட்டின் விளிம்பில் எழுத்துகளை வரிசையாகப் பதித்தது எதற்கு? சாப்பிடும் குழந்தை விரலால் தடவி எழுத்துப் படிக்கத்தான். ராயல் டால்டன் என்ற பீங்கான் ஆலை 1934இல் கொண்டுவந்த 'பன்னிகின்ஸ்' முயல்களை வரைந்தவர் பார்பரா வெர்னன் என்ற கன்னியாஸ்திரி. அந்த ஆலையை நிர்வகித்தவரின் மகள். மகள் வரைந்த முயல்களைத் தகப்பன் பெட்டியில் பூட்டாமல் தட்டில் ஏற்றினார். கிண்ணம் காலியாகக் காலியாக அடியிலிருந்து முயல் எட்டிப் பார்க்கும். உங்கள் அலமாரியில் அது யாரைப் பார்க்கிறது?

அடுத்த முறை பேத்தி வந்ததும் கதவைத் திறங்கள். இருவரும் கை கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். பீங்கானுக்குக் கையுறை வேண்டாம், வழுக்கும். தரையில் கனமான போர்வையை விரித்து உட்காருங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் அடியில் இரு கையும் கொடுத்து ஏந்தக் கற்றுக்கொடுங்கள். அதில் உணவு மட்டும் போட வேண்டாம். பழைய வண்ணத்திலும் மெருகிலும் ஈயம் இருக்கலாம், புளிப்பு பட்டால் அது இறங்கும்.

பிறகு வெள்ளிச் சொப்பும் பூதக்கண்ணாடியும் அவள் கைக்குப் போகட்டும். வெள்ளியில் பதித்த முத்திரைகளில் நடக்கும் சிங்கம் தெரிந்தால் அது 92.5 சதவீத வெள்ளி. நங்கூரம் தெரிந்தால் அதன் தரத்தைப் பர்மிங்ஹாமில் சோதித்தது. அங்கே சோதனைச் சாலை வந்ததே 1773இல்தான், சொப்பு அதற்கு முந்தியதாக இருக்காது. தேய்ந்த முத்திரையை அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். வீட்டில் இரண்டு மூன்று வயதுக் குழந்தை இருந்தால் சொப்புகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.

ஒன்று உடையலாம். உடைந்தால் அவளைத் திட்டாதீர்கள், முகத்தைக்கூடச் சுளிக்காதீர்கள். பேத்திக்கு உங்களிடமிருந்து சேர வேண்டியது உங்களுக்குத் தெரிந்த விஷயம். அதைக் கொடுப்பது பாட்டியின் கடமை. அது இல்லாமல் பொருள் மட்டும் போனால், அவளும் ஒருநாள் விற்கத்தான் செய்வாள்.

அன்றைக்கு மகனையும் மகளையும் வரச் சொல்லுங்கள். ஆளுக்கொரு கோப்பையை எடுத்துக் கையில் கொடுத்து, "சின்ன வயதில் உங்களைத் தொட விடவில்லை, தப்பு என்னுடையது" என்று சொல்லுங்கள். வயதில் பெரியவள் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். பெரியவர் என்பதால்தான் உங்களிடமிருந்து அது முதலில் வர வேண்டும்.

உயிலைப் பற்றி அதன் பிறகு எழுதுங்கள்.