இரண்டு கிளாரினெட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பா திருமங்கலத்தில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கிளாரினெட்காரர்கள் இருவர் மட்டும் வாசித்த கச்சேரி ஒன்றை அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவர் மேற்கத்திய செவ்வியல், மற்றவர் ஜாஸ். “விரல் சுத்தமா இருக்கு, ஆனா ரெண்டுங்கெட்டான்” என்றுவிட்டார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்படிக் கலப்பது சரிதானா?

கா., திருமங்கலம்

அன்புள்ள கா.,

தாராளமாகக் கலக்கலாம். ஆனால் அப்பா சொன்னதை லேசில் தள்ளிவிடாதீர்கள். இந்த வகைக் கச்சேரிகளில் பலவும் ரெண்டுங்கெட்டானாகத்தான் முடிகின்றன. இடறுவது பெரும்பாலும் தாள நடையில்.

ஜாஸில் ‘ஸ்விங்’ என்பார்கள். ஓர் அடியில் இரண்டு ஸ்வரம் வந்தால் முதலாவது நீளும், அடுத்தது குறுகும். மத்திம காலத்தில் அது ஏறக்குறைய திஸ்ரம், அதாவது அடியை மூன்றாகப் பிரிக்கும் நடை: ‘தகிட’வில் முதல் எழுத்தை இரண்டு மாத்திரைக்கு இழுத்து, ‘ட’வில் அடுத்த ஸ்வரத்தை வைப்பது போல. வேகம் கூடக் கூட இரண்டும் சமத்துக்கு நெருங்கிவிடும். நோட்டில் பெரும்பாலும் சமமாகவே எழுதியிருக்கும். மிச்சம் காதால் வரவேண்டியது. செவ்வியல்காரர் அதை எண்ணி எண்ணி வாசித்தால் நொண்டும். அதை அப்பாவின் காது உடனே பிடித்திருக்கும்.

அமெரிக்க ஜாஸ் கிளாரினெட்காரர் பென்னி குட்மன் 1938 ஜனவரியில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஜாஸ் வாசித்தார். அதே ஆண்டு புடாபெஸ்ட் குவார்டெட் என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழுவுடன், மொஸார்ட் கிளாரினெட்டுக்கும் நான்கு தந்தி வாத்தியங்களுக்குமாக எழுதிய செவ்வியல் படைப்பான கிளாரினெட் குவின்டெட்டைப் பதிவு செய்தார். அத்தனை புகழுக்குப் பிறகும், நாற்பது வயதில் ரெஜினால்ட் கெல் என்ற செவ்வியல் கலைஞரிடம் மாணவராகச் சேர்ந்து, மவுத்பீஸை உதட்டில் பிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார். இன்னொரு சங்கீதத்துக்குள் போக அவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது. எனக்கு அவர் மேல் பெரும் மரியாதை உண்டாக்கியது இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த மண் நம்முடையது. அங்கே இரண்டு குழலும் ஒரே ராகத்தை, ஒரே பாட்டை ஏந்திப் போகும். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார். கிளாரினெட் டூயட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேரும் வெவ்வேறு பாதையில் போவார்கள். அதற்கு இந்த வாத்தியம் வாகானது. கீழ் ஸ்தாயியில் ஒலி இருண்டு குடைவாக இருக்கும், மேலே போனால் பளீரென்று வெட்டும். ஸ வாசிக்கும் விரலை அப்படியே வைத்துக்கொண்டு பெருவிரல் கீயை அழுத்தினால் மேல் ஸ வராது, மேல் ஸ்தாயி ப வரும். உங்கள் அப்பாவுக்கு இது விரல்நுனிப் பாடம். ஒருவர் கீழே நிற்க மற்றவர் மேலே ஏறினால் இரண்டு வேறு வாத்தியங்கள் என்றே தோன்றும்.

அப்பாவுக்கு முதலில் கலப்பைப் போடாதீர்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சிஸ் பூலாங்க் 1918-ல், பத்தொன்பது வயதில், இரண்டு கிளாரினெட்டுக்கென்றே எழுதிய சொனாட்டாவைப் போடுங்கள். ஒன்று பி-ஃபிளாட் சுருதிக் கிளாரினெட், மற்றது ஏ சுருதி. சுருதியில் அரை ஸ்வரம் தள்ளிய இரு குழல்கள். ஜாஸ் அல்ல, ஆனால் துள்ளலுக்குக் குறைவில்லை. முதல் தடவை மேல் குழலை மட்டும் கேட்கச் சொல்லுங்கள், அடுத்த தடவை கீழ்க் குழலை. பிறகு குட்மனின் மொஸார்ட், குட்மனின் ஜாஸ். அதற்கப்புறம் உங்களுக்குப் பிடித்த கச்சேரியை மறுபடி போட்டுவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.