மண்புழு மூட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு போடுகிறேன். வீடு தேடி வந்த ஒருவர், ஓரத்தில் இருக்கும் தேயிலையடியில் தோண்டிக் காட்டி, "ஒரு புழு இல்லை, மண் செத்துப் போச்சு" என்றார். நுண்ணுயிர்த் திரவம் ஒரு கேன், மண்புழு இரண்டு மூட்டை போட்டால் உயிர் வந்துவிடுமாம். வாங்கலாமா? மண்ணில் உயிர் இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

பதில்: வாங்க வேண்டாம். பார்ப்பதற்கு ஒரு மம்பட்டியும் பழைய உரப்பையும் போதும்.

அந்த ஆள் தோண்டிய இடத்திலேயே அவருடைய வியாபாரம் தெரிந்துவிட்டது. தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை (இந்த எண் குறையக் குறைய மண்ணில் புளிப்பு கூடும்). வருடக்கணக்காக யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் போட்ட மலையில் அது இன்னும் கீழே போயிருக்கும். அவ்வளவு புளிப்பில் பெரும்பாலான மண்புழுக்கள் தங்குவதில்லை. அதற்காகத் தேயிலையில் புழுவே இருக்காது என்று சொல்லவில்லை. கவ்வாத்தில் வெட்டிப் போட்ட இலை அப்படியே மட்கிய இடத்தில் பார்க்கலாம். ஆனால் அங்கே இலையை மட்க வைக்கும் வேலையில் பெரும்பங்கு பூஞ்சணங்களுக்கும், கண்ணுக்கு எட்டாத சிறு பூச்சிகளுக்கும். தேயிலையடியில் புழு இல்லை என்பதை வைத்து உங்கள் மரக்கறிப் பாத்தியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. புழு வரட்டும் என்று தேயிலைக்குச் சுண்ணாம்பு கொட்டிவிடாதீர்கள், செடிதான் கெடும். டொலமைட் போடுவதென்றால் கவ்வாத்தை ஒட்டி, பி.எச். பார்த்து, தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்லும் அளவில்தான்.

சரி, எப்படிப் பார்ப்பது? மழை பெய்து ஓய்ந்த காலையில், பாத்தியில் 25 சென்ரிமீற்றர் நீள அகலம், 30 ஆழத்துக்கு ஒரு குழி. மண்ணை உரப்பையில் கொட்டி, கையால் உடைத்து, புழு, பூரான், வண்டுக்குஞ்சு, எறும்பு என்று வகைவகையாக எண்ணுங்கள். எத்தனை வகை என்பதும் முக்கியம். பாத்தியில் மூன்று இடம். அப்புறம் மம்பட்டி படாத வேலியோரத்தில் ஒன்று. அந்த வேலியோரக் குழிதான் உங்களுக்கு அளவுகோல். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் பாத்தி அடி வாங்கியிருக்கிறது. பெப்ரவரி வெயிலில் தோண்டாதீர்கள், புழு ஆழத்துக்குப் போயிருக்கும். புதிதாகக் கொத்திய மண்ணும் மருந்தடித்த மண்ணும் கணக்கில் சேராது.

கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க, ஒரே பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துப் பாத்தியிலும் வேலியோரத்திலும் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். இரண்டு மாதம் கழித்து எது அதிகம் இற்றுப்போயிருக்கிறதோ, அந்த மண்ணில் நுண்ணுயிர் மும்முரமாக வேலை செய்கிறது.

இனி மூட்டை. அதில் இருப்பது பெரும்பாலும் மண்புழு உரம் தயாரிக்க வளர்க்கும் இனம். சாணியிலும் குப்பையிலும் வாழ்கிற அதை வெறும் பாத்தியில் விடுவது, மீனை மேட்டில் விடுவது போல. திரவத்திலுள்ள நுண்ணுயிர்களும் தின்ன ஒன்றும் இல்லாத மண்ணில் நிலைப்பதில்லை. இதையெல்லாம்விட எனக்குப் பயம், வெளியிலிருந்து வரும் மண். நுவரெலியாவில் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நெமட்டோட் நுண்புழு இருக்கிறது. அதன் முட்டைக்கூடு மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். மூட்டையில் ஒட்டிய மண், இரவல் மம்பட்டி, யாரோ தந்த விதைக்கிழங்கு, எதில் வேண்டுமானாலும் வரும். 2021இல் சீனாவிலிருந்து வந்த சேதன உர மாதிரியில் கெட்ட பாக்டீரியா இருப்பதாக நம் தாவரத் தடைகாப்பு அதிகாரிகள் சொன்னதும், விற்ற நிறுவனம் மறுத்ததும் ஞாபகம் இருக்கும். கப்பலில் வந்ததையாவது சோதித்தார்கள். வாசலுக்கு வரும் மூட்டையை யார் சோதிப்பது?

அந்த வருடமே அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையை நீக்கியது. அந்தக் குழப்பத்தில் கடை விரித்தவர்கள் இன்னும் போகவில்லை. போகவும் மாட்டார்கள். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் பி.எச்., பொசுபரசு, பொட்டாசியம் வரும். உயிரைப் பற்றி ஒரு வரி வராது. கரட் பிடுங்கி விற்ற பிறகு வரும் அறிக்கையை வைத்து என்ன செய்வது? விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் குத்தகைக் கடதாசி எங்கே என்பார்கள். தோட்டக் காணியில் யாரிடம் கடதாசி இருக்கிறது?

பாதுகாக்க நீங்கள் செய்யக்கூடியது: பச்சைக் கோழி எருவை நேரே போடாமல் குவித்து மட்க வையுங்கள். செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லியை நாள் பார்த்து அடிக்காதீர்கள், நோய் பார்த்து அடியுங்கள். செம்பு மேல்மண்ணில் சேர்ந்து புழுவைக் கொல்லும். மே மாத மழைக்கு முன் சரிவில் வெறும் மண் தெரியக் கூடாது, கானையும் துப்புரவாக்குங்கள். மேல்மண் அடித்துக்கொண்டு போனால் அதிலிருந்த உயிரும் போய்விடும்.

அந்த ஆள் மறுபடி வந்தால், இரண்டு பாத்திக்குத் திரவத்தை மட்டும் இலவசமாக ஊற்றச் சொல்லி, பக்கத்தில் இரண்டு பாத்தியைச் சும்மா விடுங்கள். அடுத்த போகத்தில் நாலிலும் குழி தோண்டி எண்ணிய பிறகு காசு பேசலாம் என்று சொல்லுங்கள்.