அந்த நடு வருடங்கள் யார் தலையில்?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்குப் பல்லடம் பக்கம் ஒரு கிராமம். அப்பா ஜாப் ஒர்க்கில் எட்டுத் தறி ஓட்டினார். கூலி கட்டுபடியாகாமல் மூன்று வருடத்துக்கு முன்பு எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். இப்போது ஒரு மில்லில் வாட்ச்மேன். நான் இன்ஜினியரிங் முடித்து, சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறேன். ஆட்கள் உட்கார்ந்து பில் சரிபார்க்கும் வேலையை ஏஐ-க்கு மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் டீமின் வேலை.

இரவில் இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு இதைப் பற்றி விவாதிக்கிறேன். ஏஐ வந்தால் ஏழைகளுக்கு என்ன ஆகும், செய்து கொடுக்கிற நமக்கு என்ன பொறுப்பு என்று எழுதினால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. ஒருவர், ‘உலகத்தில் ஏழ்மையைக் குறைத்தது எந்திரம்தான், உங்கள் நியாய தர்மம் இல்லை. காலப்போக்கில் எல்லோருக்கும் நல்லதுதான் நடக்கும்’ என்கிறார். இன்னொருவர், ‘அதே கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏழைக்காகப் பேச உனக்கு என்ன யோக்கியதை’ என்கிறார். அப்பாவின் கதையைச் சொன்னேன். ‘உன் அப்பா காலத்துக்கு ஏற்ப மாறவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அன்றைக்குத் தூங்கவே முடியவில்லை.

முன்பின் தெரியாதவர்களோடு இதையெல்லாம் பேசி ஏதாவது பிரயோஜனம் உண்டா? எனக்குப் பேசத் தகுதி இருக்கிறதா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் அப்பாவைப் பற்றிய அந்த ஒரு வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது உண்மை இல்லை.

சோமனூர் பக்கம் ஒரு தறி குடோனைக் காலி செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கேஸ் கட்டரோடு வந்த ஆட்கள் சட்டங்களை அறுத்து லாரியில் ஏற்றினார்கள். தறி நின்ற இடத்தில் போல்ட் குழிகளும் எண்ணெய்க் கறையும்தான் மிச்சம். உத்தரத்தில் வருடக்கணக்காகப் படிந்த பஞ்சு அப்படியே இருந்தது. தறி நன்றாக ஓடுகிறதா என்று வந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடுகிற தறிக்கும் ஓடாத தறிக்கும் கிலோவுக்கு ஒரே விலை.

காலத்துக்கு ஏற்ப மாறுவது என்றால் என்ன? நாடா இல்லாத தறிக்கு, காற்றை ஊதி நூலைத் தள்ளும் ஏர்ஜெட்டுக்கு மாறுவது. அதற்கு லட்சக்கணக்கில் முதல் வேண்டும். ஜாப் ஒர்க் செய்பவருக்கு அது எங்கிருந்து வரும்? நீளவாட்டில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், துணியும் அவருடையது. தறிக்காரருக்கு நெய்கிற கூலி மட்டும்தான். கரண்ட் பில், ஸ்பேர் பார்ட்ஸ், ஆள் கூலி எல்லாம் அந்தக் கூலிக்குள் அடங்க வேண்டும். 2022-ல் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகளை வாரக்கணக்கில் நிறுத்திப் போராடி, சோமனூர் ரகத் துணிக்கு 19 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 15 சதவீதம் என்று உயர்வு பேசி முடித்தார்கள். பேசிய கூலி கைக்கு வருவது இங்கே எப்போதுமே தனிப் போராட்டம். ‘சட்டப் பாதுகாப்போடு கூலி உயர்வு’ என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான். உங்கள் அப்பா மாற மறுக்கவில்லை. மாறுவதற்கான காசு அவர் பங்குக்கு வரவே இல்லை. அடுத்த தடவை யாராவது அப்படிச் சொன்னால் இந்தக் கணக்கை எழுதுங்கள். கோபப்பட வேண்டாம், கணக்கே போதும்.

சரி, எந்திரம்தான் ஏழ்மையைக் குறைத்தது என்று சொன்ன முதல் ஆளுக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு அதை ஒப்புக்கொள்வதில் கஷ்டமும் இருக்கக் கூடாது. 1932-ல் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின. பாறையை உடைத்து ஆழமாக வெட்டிய கிணறுகளில் மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்த பூமி இது. மோட்டார் வந்தபோது மாட்டுக்கும் ஆளுக்கும் கிடைத்த விடுதலை கொஞ்சநஞ்சமில்லை. 1950-களில் கோவையில் பிறந்த வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லில் இருந்து எத்தனை பெண்களை எழுப்பிவிட்டது! எந்திரமே வேண்டாம் என்று ஒருவர் பேசினால், அவர் வீட்டில் மாவு ஆட்டுவது யார் என்று நான் கேட்பேன்.

ஆனால் இதே மோட்டாரின் கதையில் அடுத்து நடந்ததையும் அவரிடம் சொல்லுங்கள். 1970 ஜூன் 19. மின் கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்துத் திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் விவசாயிகள் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் மோட்டாரை எதிர்த்தவர்கள் இல்லை, மோட்டாரை நம்பிப் பிழைத்தவர்கள். என்ன விலைக்கு, யார் முடிவு செய்து, யாரைக் கேட்டு என்பதுதான் சண்டை.

எந்திரத்தை உடைத்தவர்கள் என்று உலகமே திட்டுகிற இங்கிலாந்தின் லட்டைட்டுகள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். இணையத்தில் உங்களை யாராவது அந்தப் பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள். 1811-ல் நாட்டிங்ஹாம் பக்கம் உடைக்கப்பட்டது காலுறை பின்னும் எந்திரம். திருப்பூரைப் போல அதுவும் பின்னலாடை ஊர்! அந்த எந்திரம் அவர்களுக்குப் புதிதல்ல, தலைமுறை தலைமுறையாக அதில்தான் வேலை செய்தார்கள். அகலமான எந்திரத்தில் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து, சீக்கிரம் பிரிந்துபோகிற மட்டமான காலுறையை விற்று, கூலியையும் அடித்த முதலாளிகளின் எந்திரங்களைத்தான் தேடிப்போய் உடைத்தார்கள். 1812-ல் அந்த எந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று பாராளுமன்றம் விதித்தது. கூலியைக் குறைத்தவருக்கு ஒரு தண்டனையும் இல்லை.

‘காலப்போக்கில்’ என்கிறாரே, அங்கேதான் அவரை நிறுத்த வேண்டும். பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உற்பத்தி ஏறிக்கொண்டே போனது, தொழிலாளியின் கூலி பெரிதாக நகரவில்லை. ராபர்ட் ஆலன் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர், அந்தக் காலத் தொழிலாளர் துயரத்தை எழுதிய எங்கெல்ஸின் பெயரால் இதற்கு ‘எங்கெல்ஸின் இடைநிறுத்தம்’ என்று பெயர் வைத்தார். ஒரு மனிதன் பிறந்து, உழைத்து, சாகிற அளவுக்கு நீண்ட இடைநிறுத்தம் அது. பேரனுக்கு நல்லது நடந்தது உண்மைதான். தாத்தா பட்டினி கிடந்ததும் உண்மை. நல்லது வந்து சேர்வதற்கு நடுவில் இருக்கிற வருடங்களை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. தொழில்நுட்பம், அறம், ஏழ்மை மூன்றையும் சேர்த்துப் பேசுகிற எந்த விவாதத்திலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். கேட்டதும் பெரும்பாலானவர்கள் பேச்சை வேறு பக்கம் திருப்புவார்கள். விடாதீர்கள்.

அந்த வருடங்களை யாராவது ஒருவர் தலையில் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ரேஷன் கடையில் நின்றிருக்கிறீர்களா? வயதான ஒரு அம்மா விரல் ரேகை மிஷினில் கட்டை விரலை வைக்கிறார். விழவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார். காட்டு வேலை செய்து தேய்ந்த விரல். பின்னால் வரிசை நிற்கிறது, அவருக்குத் தான் ஏதோ தப்பு செய்துவிட்டது மாதிரி முகம் சுருங்குகிறது. இதே மிஷினை வைத்துக்கொண்டே, ரேகை விழாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியைப் போடலாம் என்று ஒரு விதி இருந்து, கடைக்காரர் அதன்படி நடந்தால் அந்த அம்மா தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவார். விதி இல்லையென்றால், இருந்தும் நடக்கவில்லையென்றால், வெறும் பையோடு போவார். அந்த ஒரு வரி விதியில்தான் முழு அறமும் இருக்கிறது. அதை எழுதுபவர் வரிசையில் நின்றவராக இருக்க வேண்டும், குறைந்தது நின்றவரைக் கேட்டவராகவாவது.

அப்புறம், உங்கள் யோக்கியதையைக் கேட்டவர். அவருக்குத் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கதையைச் சொல்லுங்கள். சாயத் தண்ணீர் இறங்கி ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலமும் கிணறும் கெட்டபோது, ‘சாயப்பட்டறையை மூடினால் லட்சம் பேர் பிழைப்பு போகும்’ என்றார்கள். ‘மூடாவிட்டால் எங்கள் பிழைப்பு போகும்’ என்றார்கள் கீழே இருந்த விவசாயிகள். இரண்டும் உண்மை. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத சுத்திகரிப்பு நடக்காத காரியம் என்று அதற்கு முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டாயம் வந்த பிறகு அது நடக்கிற காரியம் ஆனது. தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். இதைச் செய்து காட்டியவர்கள் அந்தத் தொழிலுக்குள் சம்பளம் வாங்கிய இன்ஜினியர்களும் கெமிஸ்டுகளும்தானே? வெளியிலிருந்து கோஷம் போட்டவர்களும் வேண்டும், அவர்கள் இல்லாமல் கோர்ட் அசைந்திருக்காது. ஆனால் எந்த வால்வை எங்கே மாட்டுவது என்று உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். பட்டறைகள் மூடிக் கிடந்த மாதங்களில் வேலை இழந்து ஊர் திரும்பிய கூலியாட்களின் கணக்கை யாரும் பொறுப்பாக எடுக்கவில்லை. நடு வருடங்கள் என்று நான் சொல்வது அதையும்தான்.

ஆகவே நீங்கள் பேசலாம். வெளியே மட்டும் இல்லை, ஆபீஸிலும். பில் சரிபார்த்த ஆட்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை மாதம் முன்னால் சொல்லப்படுகிறது, வேறு வேலை பழகும் காலத்தில் சம்பளம் உண்டா என்று ஒரு மீட்டிங்கில் கேளுங்கள். முடிவு உங்கள் கையில் இருக்காது. கேள்வி பதிவாகும், கேட்க நினைத்த இன்னொருவருக்கும் தைரியம் வரும்.

தெரியாதவர்களோடு பேசுவதில் பிரயோஜனம் உண்டா என்கிறீர்கள். எனக்கு உண்டு என்றுதான் படுகிறது, அதுவும் நம் ஊர்க்காரர்களுக்கு ரொம்பவே. ஊர் டீக்கடையில் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே யார் வீட்டுப் பையன், என்ன சாதி, எத்தனை தறி, யாரிடம் பாவு வாங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தறி முதலாளி பேசினால் தறி ஓட்டுகிறவர் எதிர்த்துப் பேச மாட்டார். இணையத்தில் திட்டு விழுந்தாலும், அவர் பேசினால் அது வாதமாக நிற்கிறது.

அங்கேதான் உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு குறை. எட்டுத் தறியை எல்லா ஷிஃப்டிலும் அப்பா ஒருவரே ஓட்டியிருக்க முடியாது. ஷிஃப்டுக்கு ஆள் இருந்திருப்பார். அவர் உங்கள் கடிதத்தில் இல்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கமெல்லாம் முன்பணம் வாங்கிவிட்டு அதை அடைக்க முடியாமல் ஒரே பட்டறையில் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் எத்தனையோ. அப்படிப்பட்டவருக்குத் தறி எடைக்குப் போன நாள் என்னவாக இருந்தது? பிழைப்பு போன நாளா, கடனிலிருந்து தப்பிய நாளா? எனக்குத் தெரிந்து பனியன் கம்பெனி வேன் கிராமத்துக்குள் வர ஆரம்பித்தபோது, தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர்களின் பிள்ளைகள் அதில் ஏறிப் போனார்கள். ஒன்றரை ஷிஃப்ட் முதுகு ஒடிகிற வேலைதான். ஆனாலும் சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் வாங்கும்போது யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ‘ஆள் கிடைப்பதில்லை’ என்று தோட்டக்காரர் புலம்பிய அதே வருடங்கள் அவர்களுக்கு நல்ல வருடங்கள். எந்திரத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது ஒரே குடோனுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மாறும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘ஏழை’ என்று பொதுவாகப் பேசினால், நீங்களும் எதிராளியும் ஆளில்லாத ஊருக்காக வாதாடுகிறீர்கள்.

அப்பாவின் கதையை வெளியே சொல்வதற்கு முன்பு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது கேளுங்கள். அப்படியே, தறி ஓட்டியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். முடிந்தால் ஒருவரை நேரில் பாருங்கள். பெயரோ ஊரோ எழுத வேண்டாம். அன்றைக்குக் கூலி என்ன, முன்பணம் இருந்ததா, வேலை போன பிறகு எத்தனை மாதம் சும்மா இருந்தார், அந்த மாதங்களில் யாரிடம் கடன் வாங்கினார், இப்போது என்ன வேலை, இவ்வளவு போதும். அவர் சம்மதித்தால் அதை அப்படியே, ஒரு பெயரடைகூடச் சேர்க்காமல், ‘காலப்போக்கில்’ என்று எழுதினவருக்கு அனுப்புங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.